ஒரே நாளில் ஆயிரம் பை வேண்டாம்

பாலக்கோடு வட்டாரத்தில் ரத்த தான முகாம் நடத்துகிற கட்சிக் கிளைகள், நற்பணி மன்றங்கள், இளைஞர் சங்கங்கள், கல்லூரி மாணவர் அமைப்புகள் அனைத்துக்கும்,

நீங்கள் எல்லோரும் கூடி எடுத்திருக்கும் முடிவைக் கடைவீதிச் சுவரொட்டியில் படித்தேன். ஆண்டு முழுவதும் அங்கங்கே நடந்துவந்த சிறு முகாம்கள் இனி கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு தலைவரின் பிறந்தநாளில், ஒரே மண்டபத்தில், ஒரே நாளில் 1,000 பேர் ரத்தம் கொடுக்கும் மாபெரும் முகாமாக நடத்தப்போகிறீர்கள். எந்தத் தலைவர் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. அவர் நூறாண்டு வாழட்டும். ஆனால் முடிவு தவறு. அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சில ஆண்டுகளுக்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்து, உங்கள் ஆட்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்து, மறுபடியும் அதே மேசைக்கு வந்து சேர்ந்தவன். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் மண்டியில் கிடையாது. இருந்தும் கேட்கிறேன். நீங்கள் நிற்பது பை நிரம்பும் இடத்தில். நான் படுத்துக் கிடந்தது பை வந்து சேரும் இடத்தில். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற சில விஷயங்கள் மேடையிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

எனக்கு வந்தது தீவிர வகை. ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. கணுக்காலைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். தருமபுரியில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெங்களூருக்குப் புறப்படச் சொன்னார். அங்கே கீமோதெரபி தொடங்கியது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் கெட்ட அணுக்களைக் கொல்லும் மருந்து, நல்ல அணுக்களையும் விட்டுவைக்காது. முதல் சுற்று முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில் எல்லாம் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். நல்ல உடம்பில் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டிய பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள், எனக்கு 10,000-க்கும் கீழே போயின. அந்த அளவுக்கு இறங்கினால் அடியே படாமல் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியலாம். மஜ்ஜை மீண்டு தன் வேலையைத் தானே செய்யும்வரை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புற்றுநோயை மருந்து கொன்றது. அந்த மருந்திடமிருந்து என்னைக் காப்பாற்றியவர்கள் ரத்தம் கொடுத்தவர்கள்.

பிளேட்லெட்டை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். முகாமில் நீங்கள் கொடுக்கும் ஒரு பை ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் சிறிய பை ஒன்று கிடைக்கும். வளர்ந்த ஆளுக்கு ஒரு வேளைக்கு அப்படி ஆறு பைகள் போலத் தேவைப்படும். இன்னொரு வழி, ஒரே கொடையாளரை இயந்திரத்தோடு இணைத்து, பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்புவது. ஒருவர் கொடுப்பதே ஒரு வேளைக்குப் போதும். ஆனால் அவர் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை அசையாமல் சாய்ந்திருக்க வேண்டும். எனக்கு அதிகம் தேவைப்பட்டது இந்த இரண்டாவது வகை.

அதைக் கொடுக்க வந்தவர்கள் நம் பையன்கள். இங்கே வேலை இல்லாமல் பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலையும் ஓட்டல் வேலையும் காவலாளி வேலையும் பார்க்கிறவர்கள். இரண்டொருவர் கணினி நிறுவனத்தில் இருப்பவர்கள். உங்கள் மன்றங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் என் பெயர் போன அன்றே அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. வெள்ளிச்சந்தைப் பையன் ஒருவன் இரவுக் காவல் முடித்து விடிகாலையில் நேராக வந்து நின்றான். தூங்காத ஆளிடம் எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் போகவில்லை. வராந்தாவின் கோடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கி, எழுந்து, கீழே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, இப்போது எடுங்கள் என்று மறுபடி வந்து கையை நீட்டினான். இயந்திரத்தில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பிலிருக்கும் கால்சியத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைத்துவிடும். அதனால் உதடு மரத்து, எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். கால்சியம் மாத்திரையை மென்றுகொண்டே அவன் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தானாம். "அக்கா, வாய் என்னுடையதுபோலவே இல்லை" என்றானாம். அன்று சாயங்காலம் வெளிர்மஞ்சள் பை ஒன்று என் தலைக்கு மேல் தொங்கியது. அவனை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

உங்களில் இரண்டு எதிரெதிர்க் கட்சிக் கிளைகளின் செயலாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் காரில் மற்றவர் கட்சிப் பையன்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர் வந்த சேதி உங்கள் தலைமைகளுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. எனக்குத் தெரியும். ஊரில் மண்டிக்காரர்கள் ஒரு சீசன் முழுவதும் பெட்டிக்கு ஒரு ரூபாய் என்று எடுத்துவைத்து என் வீட்டில் சேர்த்தார்கள். சுமை தூக்கும் தோழர்கள் தங்கள் கூலியிலிருந்து தனியாகக் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் எனக்காகத் துஆ கேட்டார்கள்; மாரியம்மன் கோயிலில் யாரோ என் பெயருக்கு விளக்கு போட்டார்கள். இத்தனைக்கும் நன்றி சொல்ல எனக்கு நாக்கு போதாது. ஆனால் அந்த நன்றியைச் சால்வை போர்த்திக் கைதட்டிவிட்டுப் போகும் நன்றியாக வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சிகிச்சையின் சுற்றுகளுக்கு நடுவே வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி வந்திருந்த ஒரு மே மாதம். கத்திரி வெயில். மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருந்தது. சிவப்பணு ஏற்ற வேண்டும் என்று அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். என் குரூப் ஓ பாசிட்டிவ். நம் பக்கத்தில் அதிகம் பேருக்கு இருக்கிற குரூப். அதற்கே, "ஆள் கூட்டி வாருங்கள், ரத்தம் தருகிறோம்" என்றார்கள். என் மைத்துனர் சத்தம் போட்டார். ரத்த வங்கியில் வேலை செய்த பெண் கோபித்துக்கொள்ளவில்லை. குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, தள்ளி நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே தட்டுகளில் சிவப்பு மையால் குரூப் எழுதிய அட்டைகள். ஏ, ஏபி தட்டுகளில் சில பைகள் கிடந்தன. ஓ என்று எழுதிய தட்டில் தண்ணீர் கோத்திருந்தது, வேறொன்றும் இல்லை.

காரணமும் அந்தப் பெண்தான் சொன்னார். கல்லூரிகளில் தேர்வு முடிந்து விடுமுறை. மாணவர் முகாம் இல்லை. மாங்காய் சீசன், தோப்புகளில் வேலை செய்கிறவர்கள் நகர மாட்டார்கள். வெயிலுக்குப் பயந்து முகாம் வைப்பாரும் இல்லை. ஆனால் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்வது வெயிலுக்காக நிற்பதில்லை. பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்பதில்லை. என்னைப் போன்றவர்களின் கீமோவும் நிற்பதில்லை.

இரண்டு நாள் அலைந்தபிறகு வேறொரு ரத்த வங்கியிலிருந்து ஒரு பை வந்தது. பையின் மேல் கொடுத்தவர் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. எண், குரூப், எடுத்த தேதி, காலாவதித் தேதி இவைதான் இருக்கும். தேதியைப் பார்க்காமல் எந்தச் சீட்டையும் கையில் வாங்காதவன் நான்; படுத்தபடியே படித்தேன். ஏப்ரல் மாதத்துத் தேதி. காலாவதிக்குச் சில நாள்களே பாக்கி. அந்தத் தேதியில் நம் சுற்றுவட்டாரத்தில் நடந்த முகாம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. மாரண்டஅள்ளிப் பக்கம், காலமான தங்கள் அப்பாவின் நினைவுநாளுக்கு அண்ணன் தம்பிகள் சேர்ந்து வீட்டு முன்னால் பந்தல் போட்டு நடத்தியது. பேனர் கிடையாது, பத்திரிகையில் படம் கிடையாது. சாப்பாடும் மோரும் கொடுத்து, நாற்பது ஐம்பது பேரிடம் எடுத்திருப்பார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து அந்த ரத்தத்தை எடுத்துப்போன வங்கியிலிருந்துதான் எனக்கு அந்தப் பை வந்தது. சுவரொட்டியில் நீங்கள் ரத்து செய்திருக்கும் "சிறு முகாம்கள்" பட்டியலில் அந்த முகாமும் இருக்கிறது.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எடுத்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். அதுவும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்திருந்தால். சிவப்பணு, பையில் ஊற்றியிருக்கும் மருந்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். பிளாஸ்மா ஒன்றுதான் உறையவைத்தால் ஓராண்டு இருக்கும். இது பை பக்கத்துக் கணக்கு. ஆள் பக்கத்துக் கணக்கு என்ன? ஒரு முறை ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும். பெண்ணுக்கு 120 நாள். ரத்தம் கொடுத்தவர் இயந்திரம் வழியாகப் பிளேட்லெட் மட்டும் கொடுக்கலாமா என்றால் அதற்கும் 28 நாள் கழிய வேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். ரத்தம் கொடுக்க மனமுள்ள அத்தனை பேரையும் ஒரே நாளில் மண்டபத்துக்குக் கூட்டி வந்து எடுத்துவிட்டால், ஆறாவது நாள் அந்தப் பிளேட்லெட் இல்லை. நாற்பத்து மூன்றாவது நாள் அந்தச் சிவப்பணுவும் இல்லை. அன்றிலிருந்து தொண்ணூறாவது நாள்வரை குளிர்பெட்டியிலும் ரத்தம் இருக்காது, ஊரில் கொடுக்கத் தகுதியுள்ள ஆளும் இருக்க மாட்டான். ஏறத்தாழ ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று நேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

நம் மண்டியில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எல்லாக் காட்டிலும் ஒரே வாரத்தில் தக்காளி பழுத்தால் என்ன ஆகிறது என்று பாலக்கோட்டில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே தக்காளிக்குக் கிலோ விலை கேட்டால் மயக்கம் வருகிறது. விளைச்சல் குறைவு என்பதால் வரும் பஞ்சம் அல்ல அது; ஒன்றாக வந்ததால் வரும் பஞ்சம். தக்காளி விஷயத்தில் வானத்தைக் குறை சொல்லலாம். முகாம் தேதியை நீங்கள்தானே குறிக்கிறீர்கள்?

ரத்த வங்கிகள் எல்லாவற்றையும் பிரித்து வைத்துக்கொள்ளும் என்று உங்களில் ஒருவர் மண்டியில் வந்து என்னிடம் வாதாடினார். பிளேட்லெட் வேண்டுமானால், எடுத்த சில மணி நேரத்துக்குள், ரத்தம் குளிர்ந்துபோவதற்குமுன் சுழற்றிப் பிரிக்க வேண்டும். சுழற்றும் இயந்திரத்தில் ஒரு சுற்றுக்குச் சில பைகள்தான் வைக்க முடியும். 1,000 பைகளும் ஒரே மாலையில் வந்து இறங்கினால் பாதிக்குமேல் பிளேட்லெட்டாக மாறாமலே குளிர்பெட்டிக்குள் போய்விடும். அதோடு ஒவ்வொரு பையையும் எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள்காமாலை, சிபிலிஸ், மலேரியா எனச் சோதித்தாக வேண்டும். ரத்த வங்கி ஊழியர்களும் மனிதர்கள்தான்.

சட்டமே இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. முகாம் நடத்துவதற்கான மருந்து விதிகள் 3 மணி நேரத்தில் 50 முதல் 70 பேர், அல்லது 5 மணி நேரத்தில் 100 முதல் 120 பேர் என்ற அளவை வைத்துத்தான் ஆள்களையும் பொருள்களையும் வரையறுக்கின்றன. 6 முதல் 8 படுக்கைகளுக்கு ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர். 1,000 பேர் என்றால் எத்தனை மருத்துவர், எத்தனை செவிலியர் என்று பெருக்கிப் பாருங்கள். எந்த ஊர்களின் மருத்துவமனைகளைக் காலிசெய்து அவர்களை மண்டபத்துக்குக் கூட்டி வரப்போகிறீர்கள்? அவசரத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விடுவார்கள். காய்ச்சல் இருந்ததா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பச்சை குத்தி எவ்வளவு நாள் ஆயிற்று என்று நிதானமாகக் கேட்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் என்னைப் போன்றவனின் உயிர் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்பில் அந்த ரத்தம் ஏறுகிறது.

கொடுப்பவர்களுக்குத் தலைக்கவசமும் சில்வர் பாத்திரமும் பரிசு என்றும் சுவரொட்டி சொல்கிறது. நல்லெண்ணம்தான். ஆனால் பரிசு கண்ணில் படும்போது, போன மாதம் வந்த மஞ்சள்காமாலையைச் சொல்ல வாய் தயங்கும். டீயும் பிஸ்கட்டும் சான்றிதழும் போதும். காசுக்கு ரத்தம் விற்ற காலத்தை இந்த நாடு பார்த்திருக்கிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் அது நின்றது. பாத்திரத்துக்குக் கொடுப்பது அந்தப் பழைய பாதையின் ஓரம்வரை நம்மைக் கொண்டுபோய் விடும்.

விற்பனை நின்றபிறகும் நிற்காமல் தொடர்வது "ஆள் கூட்டி வா" என்கிற முறை. 2002-இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, இந்த மாற்றுக் கொடையாளர் முறையைப் படிப்படியாக ஒழித்து, தானாக முன்வந்து கொடுப்பவர்களை மட்டும் நம்ப வேண்டும் என்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது ஒழியாததற்கு மருத்துவமனைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. குளிர்பெட்டி ஆண்டின் எல்லா வாரமும் நிறைந்திருந்தால் யாரும் யாரையும் ஆள் கேட்க மாட்டார்கள். எனக்கு மைத்துனர் இருந்தார், மண்டி இருந்தது, நீங்கள் இருந்தீர்கள். வத்தல்மலை, சித்தேரி மலை ஊர்களிலிருந்து மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுவருகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? வடமாநிலத்திலிருந்து கல்குவாரி வேலைக்கு வந்தவன் கால் நசுங்கிக் கிடந்தால் யாரைக் கூட்டி வருவான்? அவர்களுக்காகவும்தான் ரத்த வங்கி. இனசனம் உள்ளவனுக்கு மட்டும் ரத்தம் என்றால் அதற்கு வங்கி எதற்கு?

சுவரொட்டியின் மேல்மூலையில் தகடூர் அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் படம் போட்டிருக்கிறீர்கள். பொருத்தமான படம், ரசித்தேன். அவன் கொடுத்தது ஒரு கனி, வேண்டியவர் கையில், வேண்டிய நேரத்தில். அவ்வை வீட்டு வாசலில் ஆயிரம் கனியைக் கொட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டதாகக் கதையில் இல்லை.

இனி, நான் கேட்பவை.

முதலில், அந்த ஒரு நாள் முகாமை அடியோடு கைவிடச் சொல்லவில்லை. தலைவரின் பிறந்தநாளில் 100 பேரிடம் மட்டும் ரத்தம் எடுங்கள். மீதி 900 பேரிடம் பெயர், தொலைபேசி எண், குரூப், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி இவற்றை எழுதி வாங்குங்கள். அன்றைக்குப் படுக்கையில் படுத்தவர்களுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழை, பெயர் எழுதிக் காத்திருக்கச் சம்மதித்தவர்களுக்கும் கொடுங்கள். மேடையில் பேசுகிறவர்கள் ஆயிரம் என்று சொல்லிக்கொள்ளட்டும், பொய்யில்லை.

ரத்து செய்த சிறு முகாம்களை மறுபடி அறிவியுங்கள். மாதத்துக்கு ஒரு ஊர் என்று பிரித்துக்கொள்ளலாம்: பஞ்சப்பள்ளி, மாரண்டஅள்ளி, வெள்ளிச்சந்தை, காரிமங்கலம் என்று. ஏப்ரலும் மேயும் யாருக்கும் விருப்பமில்லாத மாதங்கள். அவற்றைப் பெரிய அமைப்புகள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்குக் காலை ஏழு மணிக்கே தொடங்கலாம். பொங்கலுக்கும் ஊர்த்திருவிழாவுக்கும் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பையன்கள் வந்திருக்கும் நாள்களில் முகாம் வைப்பதும் நல்லதுதான், ஆனால் அவர்கள் எல்லோரிடமும் ஒரே மூச்சில் எடுத்துவிடாதீர்கள். தேதி குறிப்பதற்கு முன்னால் ரத்த வங்கியைக் கேளுங்கள்: எந்தக் குரூப் குறைவு, எத்தனை பை வந்தால் பிரித்து வைக்க முடியும் என்று. மண்டபம் காலியாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

பிளேட்லெட் கொடுக்கச் சம்மதிப்பவர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். உடல் ஒத்துழைத்தால் 48 மணி நேரம் கழிந்தாலே மறுபடி கொடுக்கலாம், ஆண்டுக்கு 24 முறைவரை அனுமதி என்பது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. 50 கிலோவுக்குமேல் எடை, நல்ல நரம்பு, ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடாத நாள்கள் என்று சில நிபந்தனைகள் உண்டு. அதை முகாமிலேயே ஒரு செவிலியரை வைத்து விளக்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுக்கச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிறவருக்கு பஸ் கட்டணமும் ஒருவேளைச் சாப்பாடும் உங்கள் அமைப்பு நிதியிலிருந்து கொடுங்கள். நோயாளி வீட்டாரிடம் வாங்காதீர்கள். பேனருக்குச் செலவாகும் பணம் இதற்குத் தாராளமாகப் போதும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று முகாமில் திருப்பி அனுப்பப்படுகிற பெண்கள் நம் பக்கத்தில் நிறைய. வரிசையில் நின்று, விரலில் குத்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும் "உங்களுக்கு ரத்தமே இல்லை" என்று கேட்டுத் தலைகுனிந்து போகிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் தொடங்கிவைத்தது நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அப்படி வீடு தேடி மருந்து வரும் ஊர்களில், முகாமுக்குத் தேடி வந்த பெண்ணைச் சும்மா அனுப்பலாமா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை அங்கே இலவசம்.

வாட்ஸ்அப். என் உயிரைக் காப்பாற்றியதும் அதுதான், என் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். "பாலக்கோட்டைச் சேர்ந்தவருக்கு அவசரமாக ரத்தம் தேவை" என்று அன்று போட்ட செய்தி, தேதி இல்லாததால் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவில் தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி அழைத்து, எந்த மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று கேட்கிறான். நான் உயிரோடு இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் சந்தேகப்படுகிறான். இந்தச் சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும்; பொய் அழைப்பு என்று நினைத்து உண்மையான அழைப்பையும் ஆட்கள் தள்ளிவிடத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் குழுக்களில் போகும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் தேதி, நேரம், எந்த நாள்வரை தேவை என்பது இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே குழுவில் போட ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். நோயாளியின் படத்தையும் மருத்துவ அறிக்கையையும் போடவே வேண்டாம். மொட்டைத் தலையோடு இருந்த என் படம் யார் யார் கைப்பேசியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக என் பங்கு. புற்றுநோய் வந்து குணமானவர்களிடம் ரத்தம் எடுப்பதில்லை; நான் இனி எந்தக் காலத்திலும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்க முடியாது. வாங்கியதைத் திருப்பித் தர வழியில்லாதவன் நான். எனக்குத் தெரிந்தது பேரேடு எழுதுவது. கொடையாளர் பட்டியலை நான் வைத்துக்கொள்கிறேன்: குரூப் வாரியாக, ஊர் வாரியாக, யார் எந்தத் தேதியில் கொடுத்தார், மறுபடி எந்தத் தேதிக்குப் பிறகு கொடுக்கலாம் என்று. எண்ணை மாற்றியவர்கள், வெளியூர் போனவர்கள், உடம்பு முடியாதவர்கள் எல்லோரையும் மாதாமாதம் அழைத்துத் திருத்தி வைப்பேன். எந்தக் கட்சியின் பட்டியலும் அல்ல அது. எந்த மன்றத்தின் பெயரும் மேலே இருக்காது. ரத்த வங்கி கேட்டால் மட்டும் எண் கொடுப்பேன். வேறு யார் கேட்டாலும், தேர்தல் நேரத்தில் நீங்களே கேட்டாலும், கொடுக்க மாட்டேன்.

முகாமுக்கான ஏற்பாட்டுக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டம் முடிவதற்குள் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக எழுதுங்கள்: பிறந்தநாள் முகாமில் 100 பேருக்குமேல் எடுப்பதில்லை, பரிசுப் பொருள் கிடையாது, ஏப்ரல் முகாமையும் மே முகாமையும் எந்த அமைப்பு எந்தத் தேதியில் எந்த ஊரில் நடத்தும். மூன்றாவதற்குப் பெயரும் தேதியும் இல்லாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். காலை ஏலம் முடிந்தபிறகு நான் மண்டியில்தான் இருப்பேன். கூட்டத்துக்கு முன்னால் பேச வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அங்கே வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் ரத்தத்தால் பிழைத்த ஒருவன்,
தக்காளி மண்டி, பாலக்கோடு